சருகுமானும் எரிசாறுக் குழியும்

மஞ்சக்கரட்டுக் காட்டில் ஒடுங்கி என்று ஒரு சருகுமான் இருந்தது. முயலைவிட ஒரு சுற்றுப் பெரிய உடம்பு. குச்சி குச்சியாய் நாலு கால். கொம்பு கிடையாது. வேகம் கிடையாது. கத்தினால் பக்கத்துப் புதருக்குக்கூடக் கேட்காது. படைத்தவர் எல்லா மிருகத்துக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு இதன் பக்கம் திரும்பியபோது கூடை காலியாகியிருந்தது. "சரி, நீ அசையாமல் இருந்து பிழைத்துக்கொள்" என்று அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

அசையாமல் இருப்பதில் ஒடுங்கியை மிஞ்ச ஆளில்லை. மாசி பிறந்ததும் தேக்கும் மருதும் வேங்கையும் இலையைக் கொட்டும். தரையெல்லாம் சருகு மெத்தை. அதற்குள் படுத்துவிட்டால் பழுப்பு உடம்பும் வெள்ளைப் புள்ளியும் இலையோடு இலையாகிவிடும். மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் குடுமிக் கழுகு கண் வலிக்க வலிக்கப் பார்த்துவிட்டு, பசியோடு வேறு காட்டுக்குப் போகும்.

அந்த வருஷம் ஒடுங்கிக்கு ஒரு குட்டி பிறந்தது. பெயர் பொட்டு. பெயருக்கேற்ற அளவு. ஒடுங்கி அதற்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தது.

"சருகுக்குள்ள படுத்துட்டா அசையக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் அசையாதே. நான் கூப்பிட்டாலும் அசையாதே!"

"நீ கூப்பிட்டாலுமா?"

"ஆமா. கரிச்சான் குருவி என் குரல்ல கூப்பிட்டு ஏமாத்தும். என் மூக்கு வந்து உன் மூக்குல பட்டாத்தான் எந்திரிக்கணும். புரிஞ்சுதா?"

பொட்டுக்குப் புரிந்தது. அது கெட்டிக்காரக் குட்டி. அதுதான் பின்னால் தொல்லையாகப் போயிற்று.

இப்படி இருக்கும்போது, வெளியூர் போயிருந்த நாவரசன் என்ற நரி காடு திரும்பியது. போன இடம் ஒரு சர்க்கரை ஆலையின் பின்புறம். ஆலையிலிருந்து ஓடும் வாய்க்காலில் வாயை வைத்து வைத்தே அது தன் மேற்படிப்பை முடித்திருந்தது. வந்ததும் வராததுமாக மடுக்கரையில் காட்டுக் கூட்டத்தைக் கூட்டியது.

"அன்பார்ந்த வனவாசிகளே! நம் காலடியில் என்ன கிடக்கிறது?"

"சாணி!" என்றது காட்டுப்பன்றி கிளறன்.

"அதற்குப் பக்கத்தில்!"

"சருகு."

"சருகு என்று சொல்லாதீர்கள்! செல்வம் என்று சொல்லுங்கள்! எத்தனை காலமாக இந்தச் செல்வம் யாருக்கும் பயனில்லாமல் மக்கிக்கொண்டிருக்கிறது! இதை அள்ளுவோம், குழியில் ஊறப்போடுவோம், மிதிப்போம், மூடுவோம். அது பொங்கும், நுரைக்கும், எரிசாறாக மாறும். ஒரு மடக்குக் குடித்தால் உடம்பில் நெருப்பு ஓடும்! சாறு மட்டுமா? அடியில் தங்கும் பசையிலிருந்து மயிலுக்குத் தோகை மெழுகு! மந்திக்குப் பேன் தைலம்! கரடிக்குத் தேனுக்கு மாற்று!"

"எப்பக் கிடைக்கும்?" என்றது மயில்.

"அடுத்த கட்டத்தில்!"

அடுத்த கட்டம் என்றால் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்பதற்கும் கூச்சமாக இருந்தது.

நரி வாலால் மணலில் ஒரு பெரிய வட்டம் போட்டது. "இதோ பாருங்கள். மரம் இலை போடும். இலை குழிக்குப் போகும். குழி சாறு தரும். சாறு குடித்தால் தெம்பு வரும். தெம்பு வந்தால் இலை அள்ளுவோம். இலை மறுபடியும் குழிக்குப் போகும். இதற்குப் பெயர் சுழற்சிப் பொருளாதாரம்! எதுவும் வீணாகாது!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. வட்டம் அவ்வளவு அழகாக இருந்தது.

மஞ்சக்கரட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒரு பேச்சு எடுத்தால், "ஆட்சேபம் உண்டா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். வாய் திறக்காதவர்கள் எல்லோரும் சம்மதித்ததாக அர்த்தம். மிகவும் நியாயமான வழக்கம்தான். வாய் உள்ளவர்கள் சேர்ந்து ஏற்படுத்தியது.

"சருகை அள்ளுவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

சருகுக்கு அடியில் குடியிருந்த மண்புழுவுக்குக் குரல் இல்லை. மரவட்டை பயத்தில் சுருண்டது. தவளை மழைக்குக் காத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பத்தடி தள்ளிப் புதருக்குள் ஒடுங்கி நின்றுகொண்டிருந்தது. வாயைத் திறக்கத்தான் திறந்தது. நேர் மேலே கிளையில் குடுமிக் கழுகு. பேசினால் குரல் வரும் இடம் தெரியும். இடம் தெரிந்தால் அப்புறம் பேச ஆள் இருக்காது. ஒடுங்கி வாயை மூடிக்கொண்டது.

"ஆட்சேபம் இல்லை! ஒருமனதாக நிறைவேறியது!" என்றது நரி.

வீடு திரும்பும் வழியில் பக்கத்து வளை அழுங்கு எதிர்ப்பட்டது. எறும்பு தின்னும், உடம்பெல்லாம் செதில். பெயர் சுருளி.

"ஏன்டி, நீ வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உன் வீட்டைத்தானே அள்ளப் போறானுங்க!"

"மேலயே கழுகு உக்காந்திருந்துச்சு அக்கா. நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"நானா? நான் அப்பவே சுருண்டுட்டேன்."

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று. மடுவுக்கு மேலே பெரிய குழி. பன்றிகள் மிதித்தன. சருகைக் கட்டுக் கட்டாகச் சுமந்து கொட்டும் பொறுப்பு கொம்பையா என்ற ஒற்றை யானைக்கு. கொம்பையா நல்ல மனசுக்காரன். யோசிப்பதை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுவிடும்.

குழி நுரைத்தது. முதல் சாற்றைக் கொம்பையா உறிஞ்சியது. கண் சொருகியது. காது தானாக ஆடியது.

"அட! இனிக்குதே!"

"அறிவியல் அண்ணே, அறிவியல்!" என்றது நரி.

காடே கொண்டாடியது. சாறு வேண்டும் என்று வரிசையில் நின்ற மற்றவர்களிடம் நரி பணிவாக விளக்கியது. "இப்போதைக்கு உற்பத்தி முழுவதும் சுமப்பவருக்கே தேவைப்படுகிறது. உற்பத்தி கூடியதும் உங்களுக்கு. உற்பத்தி கூட வேண்டுமென்றால் அண்ணன் இன்னும் நிறையச் சுமக்க வேண்டும். அதற்கு அவர் இன்னும் நிறையக் குடிக்க வேண்டும். ஆகவே பொறுத்திருங்கள்."

எல்லோரும் பொறுத்திருந்தார்கள். வாசனை மட்டும் இலவசமாகக் கிடைத்தது.

நடுவில் ஒரு நாள் கொம்பையா சாற்றைத் துப்பியது. "என்னய்யா இது, வெறும் புளிச்ச தண்ணி! நேத்து தேக்கங்காட்டுப் பக்கம் மாடா உழைச்சு அள்ளிட்டு வந்தேன். வாயில வைக்க முடியல!"

"ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம்" என்றது நரி. அன்றிலிருந்து மேட்டுப் பக்கமே அள்ளச் சொன்னது. மேட்டில் இலுப்பை மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி நரி யாரிடமும் பேசவில்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க மேற்படிப்பு எதற்கு?

திட்டத்தை மனசாரப் பாராட்டியது குடுமிக் கழுகு ஒன்றுதான். "தரை எவ்வளவு சுத்தமா இருக்கு! மேலேருந்து பாத்தா எறும்பு ஊர்றதுகூடத் தெரியுது. சுத்தம்னா எனக்கு உயிர்!" அந்த வாரம் ஒரு காட்டெலிக் குடும்பம் காணாமல் போயிற்று. கௌதாரி வீட்டில் குஞ்சுகள் குறைந்தன. கழுகு கொழுத்தது.

ஒடுங்கி பொட்டை இடம் மாற்றிக்கொண்டே இருந்தது. மருத மரத்தடியில் ஒளித்தால் மறுநாள் மருத மரத்தடி மொட்டை. ஓடைக்கரைக்குப் போனால் பன்றிகள் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றன. ஒரு தடவை பொட்டை இழுத்துக்கொண்டு வெட்டவெளியைக் கடக்கும்போது கழுகின் நிழல் முதுகில் விழுந்தது. எப்படியோ ஒரு பாறை இடுக்கில் விழுந்து பிழைத்தன.

கடைசியில் காட்டில் சருகு மிச்சமிருந்த ஒரே இடம், சருகை ஒழிக்கும் இடம்தான். குழிக்குப் பக்கத்தில் மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். பன்றிகள் முன்பக்கத்திலிருந்துதான் தள்ளும். பின்பக்கம் அப்படியே கிடக்கும். ஒடுங்கி யோசித்துப் பார்த்தது. வேறு வழி தெரியவில்லை. குவியலின் பின்பக்கம் பொட்டைப் படுக்கவைத்து, இலையால் மூடியது.

"அம்மா, இங்க நாத்தம் அடிக்குதே?"

"பொறுத்துக்கோ. நாத்தம் கடிக்காது."

சில நாள் இப்படியே ஓடியது. ஒரு காலையில் ஒடுங்கி அத்திப்பழம் பொறுக்கப் போயிருந்த நேரத்தில், பக்கத்துக் காட்டிலிருந்து கரடிகள் கூட்டமாக வந்து இறங்கின. நாவரசனின் குழியைப் பார்த்துப் பாடம் கற்றுப் போக வந்த விருந்தாளிகள். நரிக்கு உச்சி குளிர்ந்தது.

"கொம்பையா அண்ணே! விருந்தாளிங்க வந்திருக்காங்க. குழி நிரம்பி வழியணும். மொத்தக் குவியலையும் உள்ள தள்ளுங்க! பின்பக்கத்துலேருந்து ஒரே தள்ளு!"

ஒடுங்கி திரும்பி வந்தபோது யானை குவியலின் பின்பக்கம் நின்று பாதியைப் புரட்டிப் போட்டிருந்தது. எங்கே படுக்கவைத்தோம் என்ற அடையாளமே இல்லை. தும்பிக்கை அடுத்த வாரலுக்கு வளைந்தது. ஒடுங்கி வெட்டவெளிக்கு ஓடி வந்தது.

"நிறுத்துங்க!"

மஞ்சக்கரட்டுக் காடு முதல் தடவையாக ஒடுங்கியின் குரலைக் கேட்டது. கேட்டது என்றுதான் பெயர். கதவு கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம். யானை நாலு பக்கமும் பார்த்தது.

"யாரது?"

"இங்க! கீழ! உங்க முன்னங்கால்கிட்ட!"

மேலே கிளையில் கழுகு மெதுவாகத் தலையைத் திருப்பியது. ஒடுங்கி அதைப் பார்த்தது. பார்த்தும் வெட்டவெளியிலேயே நின்றது.

"அண்ணே, இதுக்குள்ள என் குட்டி இருக்கு!"

"அப்படியா? கூப்பிடு, வரட்டும்."

"கூப்பிட்டா வராது."

"ஏன்?"

"வராதேன்னு நான்தான் சொல்லி வளத்தேன்."

"நல்ல வளர்ப்பு!" என்று கிளறன் கெக்கலித்தது.

ஒடுங்கி கூப்பிட்டுத்தான் பார்த்தது. "பொட்டு! வெளிய வா! அம்மாதான்டா!" ஒரு இலைகூட ஆடவில்லை. கெட்டிக்காரக் குட்டி.

நரி விருந்தாளிகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு முன்னால் வந்தது. "அம்மா, உங்கள் உணர்வை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். கூட்டத்தில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டோமே, அப்போது எங்கே இருந்தீர்கள்?"

"பக்கத்துப் புதர்ல."

"பேசினீர்களா?"

"இல்ல."

"அப்படியானால் சம்மதித்தவர் நீங்கள்! இதோ பாருங்கள், குட்டியும் உயிர்ப்பொருள்தான். குழிக்குள் போனால்கூட வீணாகாது. எதுவும் வீணாகாது, அதுதான் நம் கொள்கை!"

கரடிகள் கை தட்டின. விருந்துக்கு வந்த இடத்தில் கை தட்டாமல் இருப்பது மரியாதை இல்லை.

கொம்பையா பெருமூச்சு விட்டது. "நான் என்ன தங்கச்சி பண்றது? சுமந்தாத்தான் சாறு. சாறு இருந்தாத்தான் சுமக்க முடியும். வேலைன்னா வேலைதான்." தும்பிக்கை மறுபடி வளைந்தது.

ஒடுங்கி யானையின் கால் நகத்தில் முட்டியது. முட்டி என்ன ஆகப் போகிறது? தலை குனிந்தபோது மூக்குக்கு நேரே சருகோடு சருகாக வாடிய வெள்ளைப் பூக்கள் கிடந்தன. மேட்டுச் சருகில் படுத்த காலமெல்லாம் அதன் முதுகில் உதிர்ந்த பூக்கள்.

"சாறு சருகுலேருந்து வரல அண்ணே! இதுலேருந்து வருது!"

"எதுலேருந்து?"

"இந்தப் பூவுலேருந்து! ஒண்ணு எடுத்து மென்னு பாருங்க! தேக்கங்காட்டுல அள்ளுன அன்னிக்கு ஏன் புளிச்சுது? அங்க ஏது இலுப்பை மரம்?"

"கேட்காதீர்கள் அண்ணே! வேலையைக் கெடுக்கிறாள்!" என்றது நரி. அவ்வளவு அவசரமாக அது பேசி யாரும் கேட்டதில்லை. அதனால்தான் யானை நின்றது. தும்பிக்கை நுனியால் ஒரு பூவைப் பொறுக்கியது. சாறு குடித்துக் குடித்து அதன் மூக்கு மரத்துப்போயிருந்தது. நாக்கு இன்னும் வேலை செய்தது. மென்றது. இன்னொன்றைப் பொறுக்கி மென்றது.

"ஏய்! இது நான் போன வருஷம் வரைக்கும் மரத்தடியில நின்னு சும்மா தின்ன பூ!"

"அது வெறும் ஊக்கி அண்ணே! ஒரு துணைப்பொருள்!"

"இரு, இரு. என் பூவை நானே அள்ளி, என் முதுகுல ஏத்தி, உன் குழியில கொட்டி, நீ அதைப் புளிக்க வெச்சு, எனக்கே கூலியாக் குடுக்கிறியா?"

"அதைத்தானே சுழற்சி என்கிறோம்!" என்றது நரி. பழக்கதோஷத்தில் பெருமையாகவே சொல்லிவிட்டது.

கொம்பையா வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்தது. காடு காத்திருந்தது.

"வட்டத்துல நாங்க எல்லாரும் சுத்துறோம். நீ மட்டும் ஏன்டா நடுவுல உக்காந்திருக்க?"

பதில் வருவதற்குள் தும்பிக்கை நீண்டது. நாவரசனை இடுப்போடு தூக்கியது. எரிசாறுக் குழியில் கழுத்தளவு இறக்கியது. "பயப்படாதே. எதுவும் வீணாகாது!"

கரடிகள் இதற்கும் கை தட்டின.

அந்த நொடிதான் கழுகு பாய்ந்தது. அதற்கு விவாதத்தில் அக்கறை இல்லை. கீழே திறந்த வெளியில் நின்ற சின்ன உடம்பில்தான் கண். கொம்பையா அதைக் கவனிக்கவே இல்லை. கோபத்தில் குவியலுக்குள் தும்பிக்கையை விட்டு, மூச்சை இழுத்து, ஊதியது. ஒரு காட்டுச் சருகு மொத்தமும் ஒரே நேரத்தில் வானத்துக்குப் போயிற்று. கழுகு கண்ணிலும் மூக்கிலும் இலை அப்பித் தடுமாறி, போய் ஒரு மூங்கில் புதரில் மாட்டிக்கொண்டது.

சருகு மழைபோல் இறங்கியது. குவியல் இருந்த இடம் வெறும் தரை. நடுவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காதை மடித்துக்கொண்டு, ஒரு புள்ளிபோல் படுத்திருந்தது பொட்டு. யானை ஊதியதற்குக்கூட அசையவில்லை. ஒடுங்கி ஓடிப்போய் மூக்கோடு மூக்கை வைத்தது.

"இப்ப எந்திரிக்கலாமா?" என்றது பொட்டு.

ஒடுங்கி அதன் காதில் ஒட்டியிருந்த சருகை நக்கித் தள்ளியது.

அன்றோடு கொம்பையா சுமப்பதை நிறுத்திவிட்டது. ஞானம் வந்து நிறுத்தியது என்று நினைக்க வேண்டாம். சும்மா நின்றாலே பூ கிடைக்கும்போது உழைப்பானேன் என்றுதான். காட்டுக்குச் சில நல்ல காரியங்கள் சோம்பேறித்தனத்தால்தான் நடக்கின்றன. கோடைமழை வந்தபோது, மொட்டையாய்க் கிடந்த மேட்டிலிருந்து மண் கரைந்து மடு செம்மண் குழம்பாயிற்று. யானை ஊதிச் சருகு விழுந்த பக்கத்தில் மட்டும் தண்ணீர் தெளிவாக இறங்கியது. அப்போதுதான் மற்றவர்களுக்கும் கொஞ்சம் உறைத்தது.

குழி சும்மா கிடந்தது. மிதித்துப் பழகிய கால் கிளறனுக்குத் துறுதுறுத்தது. எதையாவது மிதிக்க வேண்டுமே! காட்டில் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. எங்கிருந்தோ வந்தது. முள். புல்லை முளைக்க விடாது. யாரும் தின்னவும் மாட்டார்கள். அதைக் கிளறிக் குழியில் போட்டால் என்ன என்று கிளறன் கேட்டபோது, சருகுக்குள்ளிருந்து ஒரு கிறீச்சென்ற குரல் வந்தது.

"போடு. ஆனா புடுங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு புதருக்கும் அடியில குனிஞ்சு பாரு!"

கிளறன் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து பார்த்தது. ஒரு புதருக்கு அடியில் கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தப் புதரை விட்டுவிட்டது. மற்றதைப் பிடுங்கி மிதித்து ஊறவைத்த தண்ணீரில் புரண்டபோது, உடம்பில் ஒட்டியிருந்த உண்ணியெல்லாம் உதிர்ந்தது. யானை குளித்தது, மந்தி குளித்தது. மிச்சச் சக்கையை மரத்தடியில் பரப்பினார்கள். கறையான் தின்றது. செடி போன இடத்தில் புல் வந்தது. இதற்கு யாரும் வட்டம் வரைந்து காட்டவில்லை.

நாவரசன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. குழியிலிருந்து ஏறி, உடம்பை உதறிக்கொண்டு, கரடிகளோடு பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. அங்கே நல்ல மரியாதை.

ஒரு நாள் சுருளி மூச்சிரைக்க வந்தது. "ஏன்டி, அந்த நரி அங்க நம்ம கதையத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுதாம்! உண்ணிச்செடி யோசனையே தன்னோடதாம்! உன் பேரை ஒரு இடத்துல சொல்லலியாம்!"

"நல்லதா போச்சுக்கா. பேரு ஊரெல்லாம் தெரிஞ்சா கழுகுக்கும் தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு ஒடுங்கி சருகை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

எதையும் கழிவு என்று அள்ளுவதற்கு முன் அது ஏற்கெனவே யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்க வேண்டும். அதையும் நிமிர்ந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்காமல், குனிந்து தரையைப் பார்த்துக் கேட்க வேண்டும்.